எட்டாம் மாத வயிறு

"கால் இப்படி வீங்கிக் கிடக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றாள் நிறைமாதத்தை நெருங்கும் மனைவி.

"ஊரெல்லாம் கொரோனா. அங்க போய் அதையும் வாங்கிட்டு வரணுமா? டாக்டரம்மா வீடியோவுலயே பார்ப்பாங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட கையோடு படுத்துவிட்டான் கணவன்.

அவளும் வீடியோவில் டாக்டரைக் கூப்பிட்டு, கால் வீக்கத்தைச் சொன்னாள்.

"எட்டாம் மாசம்தானே? வயித்தைக் காட்டும்மா."

துணியை மெல்ல விலக்கிக் காட்டினாள்.

"படம் கொஞ்சம் மங்கல்தான். ஆனா மாசத்துக்கேத்த வளர்த்தி இருக்கு."

வயிறு ஒருமுறை குலுங்கியது.

"அட, அசைவும் ஜோரா இருக்கே!"

"டாக்டர், இது என் வீட்டுக்காரர் தொப்பை. தூங்கிட்டிருக்கார்."

டாக்டர் சிரித்த சிரிப்பில் கணவன் பதறி எழுந்தான்.

"சார், போன்ல உங்க வயிறா அவங்க வயிறான்னே எனக்குத் தெரியல. உள்ளே இருக்கற குழந்தை எப்படித் தெரியும்? கால் வேற வீங்கியிருக்குன்னா பிரஷர் பார்த்தே ஆகணும். இப்பவே கூட்டிட்டு வாங்க."

கணவன் முதலில் சட்டையை இழுத்துவிட்டான். அப்புறம்தான் மாஸ்க்கைத் தேடினான்.