சூளையில் செத்தவர்

சூளைக்கு முன்னால் வந்ததும் யுவஸ்ரீ செருப்பைக் கழற்றிவிட்டாள். ஒரு மனிதர் செத்த இடமாயிற்றே.

“போட்டுக்குங்கம்மா, தரை சுடும்,” என்றார் பெரியவர்.

பீங்கான் கம்பெனியில் அது சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் மரத்தடியில் கூட்டமாக உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்திருக்க, இவர் மட்டும் தனியாக இங்கே டீ கப்புகளை விரிசல் இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை வேறு யாருடையதோ போலத் தொளதொளவென்று தொங்கியது.

“கோகுல்ராஜோட அப்பா விழுந்து செத்த சூளை இதுதானேங்க? பாட்டுல சொல்லியிருக்கான்.”

பெரியவர் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார். “பாட்டா? என்ன பாட்டு?”

யுவஸ்ரீ விஷயத்தைச் சொன்னாள். சென்னையில் அவளும் ஜெயராஜும் யூடியூப் சேனல் நடத்துகிறார்கள். சென்னையைத் தாண்டி எந்த ஊரில் எவன் ராப் பாடினாலும் தேடிப் பிடித்துப் போடுவதுதான் வேலை. அப்படி அகப்பட்டவன்தான் ‘விரிசல்’ என்ற பெயரில் பாடும் கோகுல்ராஜ். விருத்தாசலத்துப் பையன், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் பாட்டைக் கேட்க ஒரு நாதி கிடையாது.

அவள் மட்டும் கேட்டாள். போன வருடம் தன் அப்பா இறந்தபோது சாவு வீட்டில் அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள். அதை எல்லாம் பெரியவரிடம் சொல்லவில்லை.

“ராப்புன்னா பட்டதைப் பாடணும். இவன் இல்லாத சாவைப் பாடி அழ வைக்கிறான், எல்லாம் டூப்பு” என்று ஜெயராஜ் நிகழ்ச்சியிலேயே போட்டு உடைத்துவிட்டான். அதிலிருந்து ஒரே சண்டை. கோகுலுக்குப் பெரிய மேடை தருவதாக இருந்தவர்களும் பின்வாங்கி, நேரில் பார்த்துவிட்டு வந்து சொல் என்று அவள் தலையில் கட்டிவிட்டார்கள். செத்த அப்பனுக்குச் சாட்சி காட்டு என்று கோகுலிடமே கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. ரயிலேறி வந்துவிட்டாள்.

“நிஜம்னு தெரிஞ்சா மேடை கெடைக்கும். பொய்னா கழுவிக் கழுவி ஊத்திடுவாங்க. அவன் அதோட அவ்ளோதாங்க.”

“படாததப் பாடுனா தப்புங்களா?”

“சினிமாவுல யாரு யாருக்கு வேணாலும் எழுதலாம். இது அப்படி இல்லைங்க. சொந்த வாய், சொந்த வலி.”

பெரியவர் கப்புகளை ஓரமாக நகர்த்தி வைத்தார். “போடுங்க, கேக்குறேன்.”

அவள் போனை நீட்டினாள். கப்பைச் சோதிப்பவர் போல அவர் அதை இடது காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார். மேளமும் இல்லை, ஒன்றும் இல்லை. பீங்கானைத் தட்டும் சத்தம்தான் தாளம்.

“நகத்தால தட்டிக் காதுல வைப்பாரு
பாடுற கப்ப எடுத்து வைப்பாரு
பாடுற புள்ளைய ஒதுக்கி வைப்பாரு
சூளைக்குள்ள போனாரு, சாம்பலாத்தான் வந்தாரு.”

முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். போனைச் சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

“நடுவுல ஒரு கப்பு இருமுதுங்க. ஒடைசல்.”

“தெரிஞ்சேதான் வச்சிருக்கான். அதான் பேரே விரிசல்.”

அவர் தலையாட்டினார். பிறகு சூளை வாசலைக் கைகாட்டினார். “நெசந்தாங்க. இங்கதான் விழுந்தாரு. நாந்தான் தூக்கிக்கிட்டுப் போனேன்.”

யுவஸ்ரீக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. “அப்பா சாவுக்குக் கோகுல் வரலையா?”

“வரல. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்த இல்ல. பாட்டு கீட்டுன்னா வூட்ட வுட்டுப் போடான்னு ஒரு கோவத்துல சொல்லிட்டாரு. பையன் போயே போயிட்டான். பையன் கூப்புடுவான்னு அந்தாளு கடைசி வரைக்கும் போன்ல சத்தத்தக் கூட்டி வச்சிக்கிட்டுத்தாங்க படுத்தாரு.”

“இதை வீடியோவுல சொல்றீங்களா? ரெண்டே வார்த்தை.”

“மூஞ்சி வேணாம், பேரும் வேணாம். கூட வேல செஞ்ச ஆளுன்னு நீங்களே சொல்லிடுங்க. பையனுக்கு மேடை கெடைச்சிடும் இல்ல?”

“கண்டிப்பாங்க.”

“அது போதும்மா,” என்று அடுத்த கப்பை எடுத்தார்.

ஜங்ஷனுக்கு வந்து ரயிலில் உட்கார்ந்த கையோடு அவள் கோகுலுக்குப் போன் செய்தாள்.

“மேடை ஒனக்குத்தான் கோகுல். நான் ஒங்க ஊர்லதான் இருக்கேன். அப்பாகூட வேலை செஞ்சவரு ஒருத்தர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு.”

“யாருக்கா?”

“பேரு சொல்லல. தனியா உக்காந்து கப்பு தட்டிக்கிட்டு இருந்தாரு. ஒரு காது மந்தம் போல, ஒன் பாட்டை இடது காதுலயே வச்சு ரெண்டு தடவை கேட்டாரு. சட்டையெல்லாம் தொளதொளன்னு, பாவம்.”

அவன் எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும், அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் தூரமாகிப் போனது.

“அக்கா… அப்பா ரொம்ப எளைச்சிட்டாராக்கா?”