கறை போகாது

ஆறு வயது மகளின் முகத்தைச் சால்வையால் மூடி, அவளை இழுத்துக்கொண்டு, பல் டாக்டரின் அறைக்குள் விறுவிறுவென்று நுழைந்தாள் அம்மா.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க டாக்டர்?"

அவர் சிரித்தார். "பல்லு கறுத்துடுச்சா? நேத்தே சொன்னேனேம்மா. சில்வர் ஃப்ளூரைடு மருந்து சொத்தையை அங்கேயே நிறுத்திடும். ஆனா அந்த இடம் கறுத்துதான் போகும்."

"தோல்ல பட்டா?"

"படும்போது தண்ணி மாதிரிதான் இருக்கும். மறுநாள்தான் கறை தெரியும். எவ்வளவு தேய்ச்சாலும் ஒரு வாரம் போகாது. சரியான வாலு உங்க பொண்ணு! நீங்க வெளியே உட்கார்ந்திருந்தப்போ தட்டிவிட்டு, மருந்து பூரா என் கையுறையில கொட்டிடுச்சு."

"அப்போ என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ண? கொஞ்சி, சமாதானப்படுத்தி உட்கார வச்சேன்."

நேற்று வழியெல்லாம் மகள் அழுதுகொண்டே சொன்னதும், "டாக்டர் மேல பொய் சொல்லுவியா?" என்று தான் அதட்டி அவள் வாயை அடைத்ததும் அம்மாவின் நெஞ்சைச் சுட்டன. டாக்டர் மேல் இருந்த ஆத்திரத்தைவிடத் தன் மேல்தான் அதிகம் கொதித்தது.

சால்வையை விலக்கினாள்.

பிள்ளையின் இடது கன்னத்தில், கன்னங்கரேலென்று நான்கு விரல்கள் பதிந்திருந்தன.