ஓட்டுநர் இருக்கையிலிருந்து

பின்னாலிருந்து பார்த்தால் எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

அவனுடைய நீலக் கார் வளைவுக்கு வருகிறது. லேசாகத் தடுமாறுகிறது. மஞ்சள் கார் உள்பக்கமாகப் புகுந்து முந்திவிடுகிறது. அவ்வளவுதான்.

அவள் கார் ரேஸ் விளையாட்டின் ரீப்ளேயை மறுபடி ஓடவிட்டாள்.

அவன் கறி வாங்கப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வர நேரமாகும்.

மஞ்சள் கார் தாரணியுடையது. அவன் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவள். நேற்று இவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவரவர் வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் ஓட்டியிருக்கிறார்கள். இரவு தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

"என்னையத் தோக்கடிச்சுட்டாளே அந்தப் புள்ள!"

தோற்றவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததே இல்லை.

அவள் அவனை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

கல்யாணமான புதிதில் அவன்தான் இந்த விளையாட்டைப் பழக்கினான். முதல் திருமண நாளுக்கு மற்ற புருஷன்மார் பட்டுப்புடவை எடுத்தார்கள். அவன் அவளுக்கென்று தனியாக ஒரு ஸ்டியரிங் வாங்கிவந்து, சாப்பாட்டு மேஜையில் தன்னுடையதற்குப் பக்கத்தில் பூட்டிவைத்தான்.

ஒரு தடவை விட்டுக்கொடுத்தால்தான் என்ன என்று சண்டை பிடித்திருக்கிறாள். அது உன்னை அவமானப்படுத்துகிற மாதிரி ஆகாதா என்று கேட்டான்.

அந்தப் பதிலை நகை மாதிரி பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். தோழிகளிடம் எடுத்துக் காட்டியும் இருக்கிறாள்.

கேமராவை மாற்றினாள்.

பாதையோரக் கேமரா. டிவியில் காட்டுவதுபோலத் தூரத்திலிருந்து. நீலமும் மஞ்சளும் சேர்ந்து போவது அழகாக இருந்தது. அழகாக இருந்தது பிடிக்கவில்லை.

பானட் கேமரா. வெறும் சாலை.

பாக்கி ஒன்றுதான். ஓட்டுநர் இருக்கை.

அவன் எப்போதும் அதில்தான் ஓட்டுவான். பின்னாலிருந்து பார்த்து ஓட்டுவது கயிறு கட்டிப் பொம்மை இழுப்பது என்பான். உள்ளே உட்கார வேண்டும். முன்கண்ணாடி ஓரத்துத் தூண் மறைத்தால் மறைக்கட்டும். நிஜ வண்டியில் மட்டும் எல்லாமா தெரிகிறது என்பான்.

அவள் உள்ளே உட்கார்ந்தாள்.

கையுறை போட்ட அவன் கைகள். மேலே சின்னக் கண்ணாடி. திரையின் மூலையில் இரண்டு பட்டைகள். ஆக்ஸிலரேட்டருக்குப் பச்சை, பிரேக்குக்குச் சிவப்பு.

கடைசிச் சுற்று. நேர்ச் சாலை. பச்சை உச்சியில் நின்றது.

சட்டென்று காட்சி பின்பக்கம் திரும்பியது. காலிச் சாலை.

பொத்தானை அழுத்தித் திரும்பிப் பார்த்திருக்கிறான்.

மறுபடியும் பார்த்தான். காலி.

பச்சை இறங்கியது. மெல்ல. பாதிக்கு. பாதிக்கும் கீழே.

சிவப்பு அசையவே இல்லை. பிரேக்கைத் தொட்டால் பின்விளக்கு எரியும். வருகிறவளுக்குத் தெரிந்துவிடும்.

கண்ணாடியில் ஒரு மஞ்சள் புள்ளி முளைத்தது. வளர்ந்து காரானது.

பச்சை ஏறியது.

காத்திருந்திருக்கிறான்.

பிறகு அந்த வளைவு. அந்தத் தடுமாற்றம். அவன் கைகளை அவளுக்குத் தெரியும். அந்த வளைவில் அவை தடுமாறுகிற கைகள் இல்லை.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ரீப்ளேயை மூடிவிட்டுப் போய்க் கறிப் பையை வாங்கிக்கொண்டாள். குக்கர் வைத்தாள். அவன் இரண்டாவது முறை சோறு கேட்டபோது சிரித்துக்கொண்டே போட்டாள்.

சாப்பாடு முடிந்து மேஜையைத் துடைத்ததும் அவள்தான் கேட்டாள்.

"ஒரு ரேஸ் போலாமா?"

வழக்கமாகத் தன் சிவப்புக் காரைப் பின்னாலிருந்து பார்த்தபடிதான் ஓட்டுவாள். இன்று ஓட்டுநர் இருக்கையைத் தேர்ந்தெடுத்தாள். அவன் புருவம் உயர்ந்தது.

உள்ளே எல்லாம் குறுகலாக இருந்தது. சாலை மட்டும். முன்னால் அவனுடைய நீலம் மட்டும். சொல்லாத கோபமெல்லாம் வலது காலில் போய் இறங்கியது.

கடைசிச் சுற்றில், அதே வளைவில், நீலக் கார் வழுக்கியது.

உள்பக்கமாகப் புகுந்தாள்.

முன்னால் யாருமில்லை. கண்ணாடியில் நீலம் இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் வந்தது, முட்டுகிற தூரத்துக்கு வந்தது. அவள் வழி விடவில்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

"அடேங்கப்பா!" அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "கெலிச்சுட்டயே கண்ணு! இரு, இன்னைக்கு டீ நான் போடறேன்."

சமையலறையில் பால் பாத்திரம் தேடும் சத்தம்.

அவள் ரீப்ளேயைத் திறந்தாள். வேறு கேமரா எதையும் பார்க்கவில்லை. நேராக அவன் இருக்கைக்குப் போனாள்.

கடைசிச் சுற்று.

இறங்கட்டும், என்று வேண்டிக்கொண்டாள். எனக்காகவும் கொஞ்சம் இறங்கட்டும்.

பச்சை உச்சியில் நின்றது.

வளைவில் கார் வழுக்கியதும் அவன் கைகள் பதறின. ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பி, இழுத்துப் பிடித்துப் போராடின. அவள் அதற்குமுன் பார்க்காத கைகள். பச்சை ஒருகணம் விழுந்து, உடனே உச்சிக்குத் தாவியது. கோடு வரும்வரை அங்கேயே நின்றது.

அவள் இன்னொரு முறை ஓடவிட்டாள்.

டீ டம்ளர்களோடு அவன் பின்னால் வந்து நின்றான். திரையைப் பார்த்தான். புரிந்துவிட்டதுபோலச் சிரித்தான்.

"செக் பண்றயா? சத்தியமா உட்டுக் குடுக்கல கண்ணு. நெசமாவே நீதான் கெலிச்ச."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"தெரியுது" என்றாள்.