ரோபோ அண்ணன்

"அண்ணா, ஒரு டவுட்டு..."

"போய் வேற வேலையப் பாரு. வந்துட்டா!"

போனிலிருந்து தலையைத் தூக்காமலே வசந்த் எரிந்து விழுந்தான். தங்கை ஜெயப்ரியா கூடத்திலிருந்த பட்டுத்தறிக்குப் பின்னால் போய்விட்டாள்.

அவனுக்குத் தலைக்கு மேல் வேலை. ரோபோ போட்டிக்குத் தயாராகும் மாணவர்களுக்காக அவன் நடத்தும் டெலிகிராம் குழுவில் எல்லோருக்கும் அவன் 'ரோபோ அண்ணன்'. என்ன கேட்டாலும் யாரும் சிரிக்கக் கூடாது என்பது அவன் போட்ட முதல் விதி.

சற்று நேரத்தில், 'மின்மினி' என்ற பெயரில் புதிதாகச் சேர்ந்த பெண் எழுதினாள்.

"ஒரு சக்கரம் சுத்தவே மாட்டேங்குது. கேட்டா திட்டுவீங்களா?"

"ஏம்மா பயப்படுற? வீட்டுல சொல்லித்தர யாருமில்லையா?"

"அண்ணன் இருக்கான். வாயத் தொறந்தாலே வள்ளுன்னு விழுவான்."

"சே, இப்படியும் ஒரு அண்ணனா! நீ போட்டோ அனுப்புமா."

படத்தில், சக்கரத்தின் அச்சைச் சுற்றிப் பட்டிழை சிக்கியிருந்தது. நம்ம காஞ்சிபுரத்துப் பெண்தான் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டான்.

"நூல் மாட்டிக்கினு இருக்குது. கத்திரியால மெதுவா எடுத்துட்டு ஓட்டிப் பாருமா."

தறிக்குப் பின்னால் ஒரு சக்கரம் சர்ரென்று சுழன்றது.

வசந்த் சட்டென்று தறிப் பக்கம் திரும்பினான். கையிலிருந்த போன் மறுபடி சிணுங்கியது.

"ஓடுதுண்ணா! எங்க அண்ணனும் உங்கள மாதிரி இருந்திருக்கலாம்."