சொல்லாமல் போனவர்கள்

விதைக் கடையில் கவியரசன் கைரேகை வைத்ததும், "இந்தப் போகத்துக்கு உங்களுக்கு விதை இல்லை" என்றது கருவி. அறுவடை வரைக்கும் நடக்கப்போவதை எல்லாம் முன்கூட்டியே பார்த்துவிட்டுத்தான் அது விதை கொடுக்கும். அதன் கணிப்பு ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை. கடைக்காரர் திரையில் காரணத்தைப் படித்தார். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இந்த வருஷம் மழை பொய்க்கும்போல," என்றான் வீட்டுக்கு வந்து.

"பக்கத்துக் காட்டுக்கு மக்காச்சோள விதை கொடுத்திருக்கே. நமக்கு மட்டும் தனி மழையா?" என்றாள் மனைவி மோனிஷா.

சாயங்காலம் முதலில் கடைக்காரர் வந்தார். பின்னாலேயே ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். மோனிஷா காபி கொடுத்தாள், யாரும் தொடவில்லை. "நீ யாருக்கும் கெடுதல் நினைச்சதில்லப்பா," என்றார் பக்கத்துக் காட்டுக்காரர். வரப்புத் தகராறில் ஆறு வருஷமாகப் பேசாதவர் அவர்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து பேசாமல் போனார்கள். சாவு வீட்டிலிருந்துதான் மனுஷர்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள்.

கடைசியாக எழுந்தவன் அவளுடைய அண்ணன் விமல். வாசலில் வழிமறித்தாள்.

"போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போண்ணே."

அவன் குனிந்து செருப்பை மாட்டினான்.

"ஒரே ஒரு வார்த்தைண்ணே."

உள்ளே மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டுக்கொண்டிருந்த கவியரசன் குரல் கொடுத்தான்: "மோனி, மச்சான சாப்பிட்டுப் போகச் சொல்லு."

விமல் தங்கையின் தலையில் ஒருமுறை கை வைத்தான். பிறகு ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினான்.