கடைசிக் கட்டம்

“யாரும் சாகலையே சார், கால்தானே சுளுக்கியிருக்கு? இதைப் போய் எழுதணுமா?”

இன்ஜினீயர் கெஞ்சினார். மேஜைக்குப் பின்னால் பாதுகாப்பு அதிகாரி விபத்துப் படிவத்தை விரித்து வைத்திருந்தார். தகரக் கொட்டகை ஆபீஸுக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றாதவர். அதனால் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ஹெல்மெட் சார்’. இன்ஜினீயரைக் கண்டதும் எழுந்து நிற்கிறவர், இன்று எழவில்லை. மனுஷன் கோபமாக இருக்கிறார் போல என்று இன்ஜினீயர் நினைத்துக்கொண்டார்.

“இன்னைக்கு விபத்தில்லாத இருநூறாவது நாள். மத்தியானம் ஓனர் வர்றார். வாசல் பலகையில இருநூறைப் பார்த்தாத்தான் ரெண்டாவது கட்டடமும் நமக்குன்னு சொல்லியிருக்கார். எண்பது பேர் பொழப்பு சார்.”

“தெரியும்” என்றபடியே எழுதினார் ஹெல்மெட் சார். “நேரம், காலை எட்டு பத்து.”

“விழுந்தது யாரு? அதையாவது சொல்லுங்க.”

“பேரு கடைசிக் கட்டம் சார். நான் வரிசையாத்தான் எழுதுவேன்.”

இன்ஜினீயர் தலையில் அடித்துக்கொண்டார். சாப்பிடக் கை கழுவுவதைக்கூடப் பட்டியல் பார்த்துச் செய்கிற ஆசாமியிடம் அவசரம் பலிக்குமா?

“சரி, எப்படி விழுந்தான்?”

“ஏணி எடுத்துட்டு வரச் சோம்பல். சக்கரம் வெச்ச நாற்காலி மேல ஏறியிருக்கான். உருண்டுடுச்சு.”

“எந்த மடையன் அது?”

பேனா ஒரு நிமிஷம் நின்றது. “மடையனுக்குக் கட்டம் இல்ல சார். ‘அலட்சியம்’னு போட்டிருக்கேன்.”

“அவன்கிட்ட நான் பேசறேன். வெளியில சொல்ல மாட்டான்.”

“காலையில இருந்து நானும் பேசிப் பார்த்துட்டேன். கேக்க மாட்டேங்கறான்.” ஹெல்மெட் சார் பெருமூச்சு விட்டார். “நமக்கு முன்னாடி இருந்த கான்ட்ராக்டர் சுளுக்கு, சிராய்ப்புன்னு ஒவ்வொண்ணா மறைச்சார். கடைசியில சாரமே சரிஞ்சுது. பாதியில நின்னுபோன கட்டடம்தானே நம்ம கைக்கு வந்தது?”

பொறுப்பேற்ற முதல் நாள், சரிந்த சாரத்துக்கு அடியிலிருந்து செருப்புகளைப் பொறுக்கி எடுத்தவர் இன்ஜினீயர். ஜன்னல் வழியே பார்த்தார். ஐந்தாவது மாடியில் ஆட்கள் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எழுதித் தொலைங்க. ஓனர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். ஆனா அந்த மடையன் ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கமே வரக் கூடாது.”

“விதிப்படி மூணு நாள்தான் சார்.” ஹெல்மெட் சார் பணிவாகப் படிவத்தை நீட்டினார்.

கையெழுத்துப் போடக் குனிந்த இன்ஜினீயரின் கண்ணில், மேஜைக்கு அடியில் இருந்த தண்ணீர் வாளியும், அதற்குள் பூசணிக்காயாக வீங்கிய ஒரு காலும் பட்டன. அவசரமாகப் படிவத்தின் கடைசி இரண்டு கட்டங்களைப் படித்தார்.

‘செய்த வேலை: வாசல் பலகையில் 199-ஐக் கழற்றி 200-ஐ மாட்டியது. விழுந்தவர்: பாதுகாப்பு அதிகாரி.’