உடம்பைப் பார்க்காமல் போட்ட கையெழுத்து

டாக்டராக இருந்து மந்திரியானவர், ஆட்சி கவிழ்ந்ததும் நாட்டை விட்டு ஓடிவந்து, ஒரு சலவைக்கடை மாடியில் குடியிருந்தார். கீழே கடையில் துணி மடித்து வயிற்றைக் கழுவினார்.

செவ்வாய்தோறும் சாயங்காலம் லாரி டிரைவர் ஒருவன் வந்து கையை நீட்டுவான். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நாடி பிடிப்பார். ஒரு துடிப்பும் இருக்காது.

"எல்லாம் சரியா இருக்குப்பா, போயிட்டு வா" என்பார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போலீஸ் காவலில் செத்தவன் அவன். கட்சித் தலைவர் போன் போட்டதும், உடம்பைக்கூடப் பார்க்காமல் மாரடைப்பு என்று சான்றிதழ் கொடுத்தவர் இவர். அடுத்த மாதமே மந்திரி பதவி வந்தது.

"டாக்டரே, அந்த ஆளும் இங்கேயே தங்குறாரா? அப்படின்னா வாடகை கூட ஆகும், சொல்லிட்டேன்" என்றாள் கடைக்காரம்மா.

நாடு திரும்பலாம் என்று கட்சிக் கடிதம் வந்த வாரமும் அவன் வந்தான்.

"குடிச்சுக் குடிச்சு நெஞ்சு வெடிச்சுச் செத்தேன்னு என் பொண்டாட்டியே நம்புறாய்யா."

டாக்டர் முதல் தடவையாக, "சட்டையைக் கழட்டு" என்றார். விலா எலும்பு ஐந்து உடைந்திருந்தது. சலவை ரசீதின் பின்புறம், அடித்ததால் வந்த சாவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவன் அதை வாங்கிக்கொண்டு வெற்றுடம்போடு இறங்கிப் போனான்.

மூன்றாம் வாரம் அடுத்த கடிதம் வந்தது. அந்த ரசீதை டிரைவரின் மனைவி கோர்ட்டில் கொடுத்துவிட்டாளாம். இவர் இனி அந்தப் பக்கமே வரக்கூடாதாம்.

"சட்டையை விட்டுட்டுப் போனாரே உங்க விருந்தாளி, வருவாரா?"

"வரமாட்டாம்மா. அவன் கணக்கு தீர்ந்துடுச்சு" என்று சொல்லி, டாக்டர் அந்தச் சட்டையைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்தார்.